முதல் தர மண்

அவளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். சாப்பாட்டில் உப்பு தூக்கல் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள். மாடு வளர்க்கத் தெரியவில்லை என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவாள். அவள் அப்பா எழுதிக்கொடுத்த நிலத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் தீர்ந்தது. அன்றைக்குப் பாத்திரம் உருளும், கதவு அதிரும், சொன்னவன் காது புளித்துப்போகும்.

இது ஊருக்கே தெரியும். அவள் புருஷனுக்கு ஊரைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்வான். கலியாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த நிலத்தில் வந்துதான் நிற்கும். பால் கவிழ்ந்ததற்காக ஆரம்பித்திருப்பார்கள். முடியும்போது பார்த்தால், "உங்கப்பன் தலையில கட்டின களர்ல கெடந்து சாகறேன் நான்" என்று அவன் கத்திக்கொண்டிருப்பான்.

"எங்கப்பா எனக்குக் களர் கொடுப்பாரா? உங்களுக்கு விவசாயம் வரல. அதை ஒத்துக்குங்க. பாவம், மண்ணு வாய் பேசாதுன்னு அது மேல பழி போடாதீங்க" என்பாள் அவள்.

களர் என்றால் உப்பு ஏறிய மண். மழை பெய்து காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். காலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். அந்த நிலத்தில் அது பூக்கத்தான் செய்தது. அவன் அள்ளிக்கொண்டு வந்து காட்டினால், "நீங்க கண்டபடி கொட்டின உரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு மூலை மட்டும் விதிவிலக்கு. கிணற்றை ஒட்டின அந்த மூலையில் அவள் அப்பா முன்பு மாட்டுப்பட்டி போட்டிருந்தார். அங்கே மண் கறுப்பாக, கையில் பிடித்தால் பிடித்தபடி இருக்கும். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். மற்ற இடத்தில் இடுப்புக்கு வந்தாலே பெரிய விஷயம். யாராவது நிலம் பார்க்க வந்தால் அவள் நேராக அந்த மூலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்த வருஷம் பயிர்க் காப்பீட்டுக் கம்பெனி கையை வைத்தது.

அதுவரை ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே பிரீமியம். அந்த வருஷத்திலிருந்து மண்ணைப் பரிசோதித்து, தரம் பிரித்து, தரத்துக்குத் தக்க விலை என்றார்கள். அதைச் சொல்வதற்குக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து விதைக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை நிறையப் பிளாஸ்டிக் டப்பாக்கள். அன்று முதல் அவருக்கு டப்பாக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். நல்ல மனுஷன், கண்டுகொள்ளவில்லை.

"ஒரே விலைன்னு இருந்தப்ப யார் செத்தா சார்?" என்று முதலில் வாயைத் திறந்தவர் புலம்பல். அவளுடைய வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர். நல்லது நடந்தாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் தூங்கப் போவார். அதனால் அந்தப் பெயர்.

"நல்ல மண்ணு தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும்ங்க" என்றார் டப்பாக்காரர். "மழை தள்ளிப்போனாலும் பயிர் தாங்கும். கம்பெனிக்கு ஆபத்து கம்மி, பிரீமியமும் கம்மி. மோசமான மண்ணுல கொஞ்ச நாள் வெயில் அடிச்சாலே பயிர் சுருண்டுரும். அதுக்குப் பிரீமியம் ஜாஸ்தி."

"ஆக, இருக்கிறவனுக்குச் சலுகை, இல்லாதவன்கிட்ட உருவல்."

"உருவறது கம்பெனிங்க. நான் டப்பா கொடுக்கிறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். டப்பாக்காரரும் சிரித்துவிட்டு, மண் எடுக்கும் முறையைச் சொன்னார். நிலத்தில் கோணல்மாணலாக நடந்து போக வேண்டும். பத்து இடத்தில் தோண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு டப்பா. மரத்தடியில் எடுக்கக் கூடாது. வரப்பில் எடுக்கக் கூடாது. மாடு கட்டின இடத்தில் எடுக்கவே கூடாது.

அவள் முன்வரிசையில் நின்று இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், புருஷன் கலப்பைக் கொழுவைத் தீட்டக் கொல்லுப் பட்டறைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றடி மூலைக்கு நடந்தாள். அங்கே ஒரே இடத்தில் தோண்டினாள். கல்லைப் பொறுக்கினாள், வேரைப் பொறுக்கினாள், நிழலில் உலர்த்தினாள். அதோடு விட்டாளா? மாவு சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்து, டப்பாவில் அழுத்தி நிரப்பி, மூடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

பிரீமியத்தைக் குறைக்க வேண்டும் என்று அவள் அதைச் செய்யவில்லை. அந்தக் கணக்கே அவள் மண்டையில் ஓடவில்லை. அப்பா கொடுத்தது நல்ல நிலம் என்று யாராவது படித்தவன் ஒருத்தன் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் புருஷன் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆசை பலித்தது. முதல் தரம் என்று அட்டை வந்தது. புலம்பலுக்கு மூன்றாம் தரம். அவர் கட்டின பிரீமியத்தில் பாதிதான் இவர்களுக்கு. அவள் அட்டையைச் சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினாள். அவன் சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பார்க்காமல் ஒரு வாய் உள்ளே போகாது.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சுவரில் இருந்த அட்டையைக் கிட்டே போய்த் திரும்பத் திரும்பப் படித்தான். "கம்பெனிக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றான்.

"மெஷின்ல போட்டுப் பார்த்திருக்காங்க. மெஷினுக்கும் எங்கப்பா லஞ்சம் கொடுத்துட்டாரா?"

விதைப்பு முடியும் வரைக்கும் வீட்டில் சண்டையே இல்லை. அவளுக்கே கொஞ்சம் போரடித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் மழை சரியான நேரத்துக்கு வந்தது. இரண்டு பேரும் விடியுமுன்பே நிலத்துக்குப் போனார்கள். அவன் சால் இழுத்துக்கொண்டு முன்னே போக, அவள் பின்னாலேயே விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் தூக்கில் இருக்கும். வெயில் ஏறினதும் கிணற்று நிழலில் உட்கார்ந்து உரித்துத் தின்பார்கள். பயிர் முளைத்தது. களை எடுத்தார்கள். முட்டி அளவு வந்தபோது மழை நின்றது.

ஒரு வாரம் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாவது வாரம் மேகம் வந்தது, வேடிக்கை காட்டிவிட்டுப் போனது. மூன்றாவது வாரம் காற்று சூடாக வீசியது. பயிர் காலையில் நிமிர்ந்து நின்று மத்தியானம் குழலாகச் சுருண்டது. பிறகு காலையிலும் நிமிரவில்லை. கிணற்றில் மாட்டுக்குக் காட்டுகிற அளவுக்குத்தான் தண்ணீர். அவள் ஒரு நாள் மனசு கேட்காமல் இரண்டு குடம் கொண்டுபோய் ஒரு வரிசைக்கு ஊற்றினாள். அது இருந்த இடம் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் மழை கொட்டியது. நல்ல மழை. ஆனால் அதற்குள் கிணற்றடி மூலை தவிர மற்ற இடமெல்லாம் காய்ந்து, கையால் தொட்டால் ஒடிந்தது. மழைக்குப் பிறகு வெயில் பட்டதும் அதன் நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது.

புலம்பலுக்கும் அதே கதிதான். ஆனால் அவருக்கு நஷ்ட ஈடு வந்தது. அதைச் சொல்வதற்கு வேலி வரைக்கும் வந்தார்.

"கொடுத்திருக்கான். என்னத்தக் கொடுத்தான்? விதைக்கும் கூலிக்கும் சரியாப் போச்சு. என் உழைப்புக்கு யார் கொடுப்பா? உங்களுக்கு இன்னும் வரலியா?"

வரவில்லை. வரவும் வராது. டப்பாக்காரர் வந்து விளக்கிச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்றாம் தர மண்ணுக்கு மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் நஷ்ட ஈடு. முதல் தர மண்ணுக்கு ஆறு வாரம் ஆக வேண்டும். அதுவரை முதல் தர மண் தாங்கும் என்பது கம்பெனியின் கணக்கு. தாங்கவில்லை என்றால் அது விவசாயியின் கோளாறு.

"ஏங்க, கண்ணால பாருங்க. செத்துக் கெடக்குது" என்றான் புருஷன்.

"நான் பார்க்கறேங்க. கம்பெனி அட்டையைத்தானே பார்க்குது" என்றார் அவர். "ஒரு வழி இருக்கு. மண்ணை மறுபடி சோதிக்கச் சொல்லி நிலத்துக்காரர் கேக்கலாம். முன்னே எடுத்தது தப்புன்னு ஆச்சுன்னா, பிரீமியத்துல பாக்கியைக் கழிச்சுக்கிட்டு ஈட்டுத்தொகை கொடுத்துருவாங்க. இந்த மாசத்துக்குள்ள கேக்கணும். நிலம் அம்மா பேர்ல இருக்கு. அவங்கதான் சொல்லணும்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது அவன் வந்து தொழுவத்துத் தூணில் சாய்ந்து நின்றான். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். அவன் மெதுவாகப் பேசினான்.

"எங்கேருந்து எடுத்தே மண்ணு?"

அவள் மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்தபடியே சொன்னாள். "கிணத்தடியில."

"பத்து இடமும் கிணத்தடியிலயா?"

"ஒரே இடம்."

அவன் சிரித்தான். சிரிக்கக் கூடாது என்று பார்த்தும் முடியவில்லை. "சலிச்சியா?"

"சலிச்சேன்."

"அடிப்பாவி. பவுடரும் பூசி அனுப்பியிருக்கலாமே." சிரிப்பு நின்றதும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "சரி, போனது போகட்டும். நாளைக்கு அவர்கிட்ட சொல்லிரு. மண்ணு மோசம், மறுபடி பாருங்கன்னு. ரெண்டு வார்த்தை."

"என்னால முடியாது."

"ஏன்?"

"எங்கப்பா காதுக்குப் போகும்."

"போனா என்ன?"

"பொண்ணே ஊரைக் கூட்டி, அப்பன் கொடுத்தது களர்னு எழுதிக் கொடுத்தாள்னா அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாரு? இந்த வயசுல அந்த மனுஷனுக்கு நான் செய்யறதா இது?"

"அப்போ விதைக்கு என்ன பண்ணலாம், சொல்லு. உங்கப்பா மானத்தை விதைச்சுரலாமா?"

அவள் தலையைத் தூக்காமல் இன்னும் வேகமாகப் பாலைப் பீச்சினாள்.

"நான் குவாரிக்குப் போறேன்" என்றான் அவன்.

கல்குவாரிக்கு அவன் முன்பு ஒரு தடவை போயிருக்கிறான். திரும்பி வந்தபோது முதுகு நிமிரவில்லை. இருமினால் வலியில் பல் கிட்டிப் போகும். அந்தப் பக்கம் இனி தலை வைத்துப் படுப்பதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். டவுனில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்குக்கூட அவன் பட்ட பாடு முழுக்கத் தெரியாது.

இரண்டு நாள் அவள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் அவன் பரணிலிருந்து பழைய கான்வாஸ் பையை எடுத்துத் தூசி தட்டினான். உள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, முதுகுக்குத் தேய்க்கிற தைலப் பாட்டில். தைலத்தை எடுத்து வைத்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. அங்கே போனால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறதே. பையைப் பிடுங்கி உதறினாள். சட்டை ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம் விழுந்தது.

"கூப்பிடுங்க அந்த டப்பாவை" என்றாள்.

டப்பாக்காரர் இந்தத் தடவை தானே மண் எடுத்தார். கோணல்மாணலாக நடந்து பத்து இடத்தில் தோண்டினார். இவன் மண்வெட்டி பிடித்தான். தோண்டின இடத்திலெல்லாம் மேலே வெள்ளைப் பொருக்கு, கீழே சாம்பல் நிறக் கட்டி. அவள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். முன்னே எடுத்தது எங்கே என்று அவர் கேட்டதும் கையைக் காட்டினாள். அவர் மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"போட்டோ எடுக்கறப்ப எல்லாரும் தலை சீவிக்கத்தான் செய்வாங்க" என்றார். "இந்த ஊர்ல பாதிப் பேர் எனக்கு மாட்டுக் கொட்டகை மண்ணுதான் கொடுத்திருக்காங்க. தவறுதலா எடுத்ததுன்னு போட்டுக்கறேன். அது பிரச்னை இல்ல. வேற ஒண்ணு இருக்கு."

"இன்னும் என்ன?" என்றான் புருஷன்.

"நிலம் எப்பவும் இப்படித்தானா, இல்ல நீங்க உப்புத் தண்ணி பாய்ச்சி, உரத்தைக் கொட்டிக் கெடுத்ததா? நீங்க கெடுத்திருந்தா கம்பெனி ஒரு பைசா தராது. ஆதியிலேயே இப்படின்னாதான் மூணாம் தரம். உங்களுக்கு முன்னாடி இதுல பயிர் பண்ணவங்க யாராவது வந்து சொல்லணும்."

முன்னாடி பயிர் பண்ணினவர் ஒருத்தர்தான். அவள் அப்பா.

அவர் மகனோடு ஆற்றோரத்து வீட்டில் இருந்தார். நிலத்தை இரண்டாகப் பிரித்து ஆற்றோரம் மகனுக்கு, இது மகளுக்கு என்று எழுதினவர் அவர்தான். மறுநாள் காலையில் புருஷன் போய் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவள் இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அப்பாவைப் பேசவே விடக் கூடாது. கேள்வி வந்ததும் தானே முந்திக்கொள்ள வேண்டும். 'அப்பா கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நாங்கதான் கெடுத்தோம்.' அதைச் சொன்னால் பணம் போகும். பணம் போனால் அவன் குவாரிக்குப் போவான். அது தெரியாமல் இல்லை. ஆனால் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கி, பைக்கிலிருந்து ஒரு கையால் தொப்பியையும் ஒரு கையால் மாப்பிள்ளையின் தோளையும் பிடித்துக்கொண்டு அப்பா இறங்கியதைப் பார்த்தபோது, இந்த மனுஷனை ஒரு அந்நிய ஆள் முன்னால் கூனிக் குறுக வைப்பதா என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் புருஷன் முகம் அவளுக்கு நினைவில்லை. அதுவும் உண்மை.

வரப்பில் நான்கு பேரும் நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புலம்பல், வேலை இருப்பதுபோல் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நிலத்தை இவங்களுக்குக் கொடுக்கறப்ப எப்படிங்க இருந்தது?" என்று டப்பாக்காரர் கேட்டார். "நல்லா இருந்ததா?"

"சார், அப்பா கொடுக்கறப்ப..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நீ இரும்மா, உனக்கென்ன தெரியும்" என்றார் அப்பா. கைத்தடியால் ஒரு கட்டியைக் குத்தி உடைத்தார். "இதுவா நல்லா இருந்துச்சு? எங்கப்பா காலத்துலேருந்தே உப்புதாங்க. அடியில உப்புப் பாறை. நான் போடாத குப்பையா, அடிக்காத வண்டலா? ஒண்ணுக்கும் மசியல. அந்த மூலையில மட்டும் பட்டி போட்டேன், அது தேறுச்சு. மிச்சத்துக்குப் போடறது வீண்னு விட்டுட்டேன்."

டப்பாக்காரர் எழுதிக்கொண்டார். "அப்போ தெரிஞ்சேதான் இருந்திருக்கு."

"தெரியாம என்ன? பொறந்ததுலேருந்து பார்க்கறேன்." கம்பெனிக்காரர் மதித்துக் கேட்பதில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரெண்டு பேருக்குப் பிரிக்கணும். ஒண்ணு நல்லது, ஒண்ணு மோசம். பையன் நிலத்தை நம்பிப் பொழைக்கிறவன். பொண்ணுக்குப் புருஷன்னு ஒருத்தன் வந்து சம்பாதிச்சுப் போட்டுக்குவான். அதனால நல்லதைப் பையனுக்கு வெச்சேன். இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்கு?"

வேலியில் கம்பி முறுக்குகிற சத்தம் நின்றது.

"மாமா, போதும். அவர் எழுதிக்கிட்டாரு" என்றான் புருஷன். அவன் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. மண்வெட்டியை வெறுமனே இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"என்னப்பா போதும்? தெளிவாச் சொன்னாத்தானே உனக்குப் பணம் வரும். இன்னும் கேட்டுக்குங்க சார், பையன் நிலத்துக்கு முதல் தரம் வந்திருக்கு. அது நிஜமான முதல் தரம்."

டப்பாக்காரர் அவள் பக்கம் திரும்பினார். மூடியைக் கழற்றிப் பேனாவை அவள் கையில் கொடுக்க வந்தவர், கொஞ்சம் தயங்கினார். "நீங்களும் வாயால சொல்லணும்மா. மண்ணு ஆதியிலேருந்தே மோசம்தானா?"

"மோசம்தான்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவுக்கு முட்டை வேகவைத்து, ரொட்டி சுட்டு, வெங்காயம் நறுக்கி வைத்தாள். அவர் நன்றாகச் சாப்பிட்டார். பல் போன வாயால் மெதுவாக மென்றபடி, மகன் புதிதாகப் போட்ட மோட்டாரைப் பற்றியும் ஆற்றோரத்தில் இந்த வருஷம் ஒரு செடிகூட வாடாததைப் பற்றியும் பேசினார். எதிரே சுவரில் அட்டை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து, "இது எதுக்கு இன்னும்? கிழிச்சுப் போடு" என்றார். அவள் கிழித்து அடுப்பில் போட்டாள். எப்போதும் பஸ் நிற்கிற இடம் வரை அவரோடு நடந்து போய் ஏற்றிவிட்டு வருகிறவள், அன்றைக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். புருஷன் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அழுதாள். பணம் வரப்போகிறது, அவன் குவாரிக்குப் போக வேண்டாம், நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும். மோசமான நிலத்தைக் கொடுத்தார் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பா ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைக் கொன்றது. எந்த நாள் போய்க் கேட்டிருந்தாலும் இதே குரலில், இதே முகத்தோடு சொல்லியிருப்பார். அவள்தான் கேட்கவே இல்லை. அப்பாவிடம் கேட்க வேண்டியதை எல்லாம் பதினெட்டு வருஷமாகப் புருஷனிடம் சண்டை போட்டே தீர்த்திருக்கிறாள்.

பைக் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவன் உள்ளே வந்து, வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.

"ஏத்திவிட்டேன். உக்கார இடம் கெடைச்சுது."

"ஏதாவது சொன்னாரா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "சொன்னார். பணம் வந்ததும் உன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பணுமாம். மோட்டார் வாங்கின கடனை அடைக்கக் கொஞ்சம் குறையுதாம்."

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் கூடச் சிரிக்க ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.